டெல்டா பூங்காவில் ஓட எந்தப் பாதை: கரையா, ஆற்றோரமா, பலகைப் பாதையா, முகத்துவாரமா?

ஆறு கடலைச் சேரும் இடத்தில் இருக்கும் சதுப்பு நிலப் பூங்காவுக்கு ஓடப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஏற்றம் எவ்வளவு என்பதைத்தான். அது ஏறக்குறைய பூஜ்யம். உடனே, எல்லாப் பாதையும் ஒன்றுதான், எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்த்தால் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. மேடு பள்ளம் இல்லாத ஊரில் காற்றும் மண்ணும் தண்ணீரும்தான் ஓட்டத்தை எளிதாக்குவதும் கடினமாக்குவதும். ஒரே பூங்காவுக்குள் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பாதைகள் இந்த மூன்றிலும் எதிரெதிராக இருக்கலாம்.

இப்படிப்பட்ட பூங்காக்களில் பெரும்பாலும் நான்கு வகைப் பாதைகளைப் பார்க்கலாம்: வெள்ளத்தடுப்புக் கரையின் மேல் போவது, ஆற்றை ஒட்டி மரங்களுக்கு நடுவே போவது, நாணலுக்கும் தண்ணீருக்கும் மேலே போட்ட பலகைப் பாதை, கடைசியில் கடல் பக்கம் முகத்துவாரத்தைச் சுற்றி வருவது.

கரைப் பாதைக்குத்தான் கூட்டம் அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது. பராமரிப்பு வண்டிகள் போய்வருவதால் மண் இறுகிக் கிடக்கும், உயரத்தில் இருப்பதால் மழை நின்ற கொஞ்ச நேரத்திலேயே காய்ந்துவிடும், வழி தவற வாய்ப்பே இல்லை, வானம் திறந்திருப்பதால் கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் தூரத்தைச் சரியாகக் காட்டும். டெம்போ ரன் மாதிரி ஒரே வேகத்தைப் பிடித்து ஓட வேண்டிய பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் பூங்காவில் கிடையாது.

ஆனால் காற்று. இதைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 1971-இல் பியூ என்ற உடலியல் ஆய்வாளர், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும்போது செலவாகும் ஆற்றலில் சுமார் 7.5 சதவீதம் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது என்று கணக்கிட்டார். அது மணிக்கு 21 கிலோமீட்டருக்கு மேல், அந்த வேகத்தில் நாம் ஓடப் போவதில்லை என்று தோன்றலாம். சரி, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவருக்கு எதிரே மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் இளங்காற்று வீசினால் அவர் உடம்பில் மோதும் காற்றின் வேகமும் அதே 22தான். கரையில் அதைத் தடுக்க ஒரு புதர் கூட இருக்காது. அதோடு காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், போகும்போது எதிர்காற்றில் இழந்ததைத் திரும்பும்போது பின்காற்று முழுவதும் ஈடுகட்டாது. அதனால் காற்றடிக்கும் நாளில் கரையில் வேகத்தைப் பார்த்து ஓடாதீர்கள், உழைப்பைப் பார்த்து ஓடுங்கள். கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது: ஒரு மீட்டர் இடைவெளியில் ஒருவர் பின்னால் ஒருவர் ஓடினால் பின்னால் வருபவருக்குக் காற்றின் எதிர்ப்பு பெருமளவு குறைந்துவிடுகிறது என்பதும் பியூ கண்டதுதான். மாறி மாறி முன்னால் போகலாம்.

எந்தத் திசையில் தொடங்குவது என்பதற்கு எல்லோரும் சொல்லும் விதி, முதலில் எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. குளிர்ந்த நாளில் இது மிகச் சரி, வியர்வையில் நனைந்த உடம்போடு எதிர்காற்றில் திரும்பினால் குளிர் நடுக்கிவிடும். வெயில் நாளில் நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். நம் வேகத்திலேயே பின்காற்று அடித்தால் உடம்பைச் சுற்றிக் காற்று அசைவதே இல்லை, ஈரப்பதம் அதிகமுள்ள சதுப்பு நிலத்தில் வியர்வை ஆவியாகாமல் அப்படியே வழியும். களைத்துப்போன கடைசிப் பாதியில் அது வேண்டவே வேண்டாம்.

கரையின் இன்னொரு குறை அதிகம் பேசப்படுவதில்லை. நேர்கோடு, சமதளம், ஒரே மாதிரி காலடி. கெண்டைக்கால், முட்டி, இடுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே கோணத்தில் ஆயிரக்கணக்கான தடவை சுமை விழுகிறது. பாதை ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஒரு காலுக்கு இன்னும் மோசம். கரையிலிருந்து கீழே இறங்கும் சரிவுகள் வந்தால் விடாதீர்கள், இரண்டு முறை இறங்கி ஏறிவிட்டுப் போங்கள். அந்த நிலப்பரப்பில் கிடைக்கும் ஒரே ஏற்றம் அதுதான்.

அப்புறம் ஆற்றோரப் பாதை. என் ஓட்டு இதற்குத்தான். சதுப்பு நிலத்தில் ஆற்றுக்குப் பக்கத்தில் போனால் சேறாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் நடப்பது நேர்மாறு. வெள்ளம் கரை புரளும்போது தண்ணீரின் வேகம் ஆற்றை விட்டு வெளியே வந்தவுடன் குறைகிறது, கனமான மணலும் கரடான வண்டலும் அங்கேயே படிந்துவிடுகின்றன, நுண்ணிய களிமண் மட்டும் தூரம் போய்ப் பள்ளத்தில் தங்குகிறது. காலம் காலமாக இது நடந்து ஆற்றோரம் ஒரு தாழ்வான மேடாக எழும்பியிருக்கும். மணல் கலந்ததால் தண்ணீர் சீக்கிரம் வடியும், மேடாக இருப்பதால் மரங்களும் அங்கேதான் நன்றாக வளரும். நிழல், காற்றுத் தடுப்பு, மென்மையான தரை மூன்றும் ஒரே இடத்தில். ஆறு வளைந்து போவதால் பாதையும் வளையும், எதிர்காற்று இருந்தாலும் கொஞ்ச தூரத்தில் பக்கவாட்டுக் காற்றாக மாறிவிடும், காலடியும் மாறிக்கொண்டே இருக்கும்.

குறைகள் உண்டு. வேர்கள் சருகுக்கு அடியில் மறைந்திருக்கும், விடியலிலும் அந்தியிலும் கொசு மொய்க்கும், வேகத்தைச் சீராகப் பிடிப்பது கஷ்டம். வெள்ளம் வடிந்த கையோடு போகவே கூடாது. புது வண்டல் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே வழுக்கும். முக்கியமாக, தூரத்தைக் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். டெல்டாவில் கிளையாறுகள் குறுக்கே வந்துகொண்டே இருக்கும், அக்கரையில் உங்கள் வண்டி கண்ணுக்குத் தெரியும், பாலமோ எங்கோ இருக்கும். குறுக்கு வழி என்ற ஒன்றே கிடையாது. எதிர்பார்த்ததைவிட நீண்டுவிட்ட ஓட்டத்தில் குடிநீரும் தீர்ந்துபோனால், சுற்றிலும் இருக்கும் தண்ணீரில் ஒரு வாய் குடிக்க முடியாது.

பலகைப் பாதையில் ஓடாதீர்கள். படம் எடுக்க அழகான இடம், அதை நடப்பவர்களுக்கு விட்டுவிடுவோம். ஈரத்தில் பாசி படிந்த மரம் எந்த ஷூவுக்கும் பிடிப்புத் தராது, எதிரே குழந்தையோடு ஒருவர் வந்தால் ஒதுங்க இடமில்லை, பலகை அதிரும் சத்தத்தில் பறவை பார்க்கக் காத்திருப்பவர்களின் அரை மணி நேரம் வீணாகும். கடைசி ஐந்து நிமிடம் நடந்து உடம்பை ஆற்றிக்கொள்ள மட்டும் வரலாம்.

முகத்துவாரச் சுற்று எல்லா நாளுக்கும் ஆனதில்லை, ஆனால் அமைந்த நாளில் அதற்கு ஈடு இல்லை. அமைவது கடலின் கையில். கடல் ஏறும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர்மட்டம் இன்னும் மேலே வரும். சென்ற வாரம் காய்ந்திருந்த பாதை இந்த வாரம் அதே நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கலாம். தளர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையில் ஆவதைப் போல 1.6 மடங்கு ஆற்றல் பிடிக்கும் என்று 1998-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எனவே இங்கே 6 கிலோமீட்டர் ஓடினால் கரையில் ஏறத்தாழ 10 ஓடிய உழைப்பு. கடற்காற்று பொதுவாகப் பகல் ஏற ஏறத்தான் வலுக்கும், ஆகவே காலை.

கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஓடுவது நமக்கு மட்டுமல்ல, பறவைகளுக்கும் நல்லது. அப்போது கரைப்பறவைகள் தூரத்துச் சேற்றுப் பரப்பில் பரவி இரை தேடிக்கொண்டிருக்கும். கடல் ஏறும்போது அவை ஒதுங்கி நிற்க மிஞ்சுவது கொஞ்சம் உலர்ந்த மேடு, நம் பாதையும் அதே மேட்டில்தான் போகும். நாம் ஒவ்வொரு முறை கலைத்துவிடும்போதும், பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த, இன்னும் பறக்க வேண்டிய உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது. 1971-இல் ஈரானின் ராம்சாரில் கையெழுத்தான சர்வதேச சதுப்பு நில ஒப்பந்தம் இப்படிப்பட்ட நிலங்களை முதன்மையாக நீர்ப்பறவைகளின் வாழிடமாகத்தான் பார்த்தது. கூடு கட்டும் பருவத்தில் இந்தச் சுற்றை மூடியிருந்தால் கயிற்றைத் தாண்டாமல் ஆற்றோரத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் ஓடுபவர் என்றால் இரண்டு நாள் ஆற்றோரம், ஒரு நாள் கரை. நீண்ட ஓட்டத்துக்குப் போகும்போது ஆற்றோரம், திரும்பும்போது கரை என்று இணைத்துக்கொள்ளலாம், களைத்த கால்களுக்கு வேர்த் தொல்லை இருக்காது. மழை பெய்த மறுநாள் கரை மட்டும்.