பழைய பாணி ரேடியேட்டர் வால்வு மாட்டப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடு வாங்கிய நம்மவர்களில் பலருக்கும் ஒரு ஆசை வரும். சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர் வேண்டும், அதில் கையால் திறந்து மூட பித்தளைச் சக்கரம் வைத்த கைவால்வு இருக்க வேண்டும். சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும், எண் போட்ட வெள்ளை பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் தலை அந்த ரேடியேட்டரில் பார்க்கவே சகிக்காது, அது உண்மைதான். அந்த ஆசையை வைத்து ஒருவர் என்னிடம் நன்றாகவே சம்பாதித்துவிட்டார். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் ஆள் பெயரை எழுதவில்லை. குளிர் தொடங்கும் முன் யாரிடமாவது இந்த வேலையைக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

கோயிலில் தெரிந்த ஒருவர் சொல்லி வந்த பிளம்பர் அவர். "நம்ம பையன்தான், கேஸ் சேஃப் கார்டு வச்சிருக்கான்" என்றார்கள். எண்ணைக் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் போட்டுப் பார்த்தேன், கார்டு நிஜம். ஆனால் அந்தக் கார்டு எரிவாயு வேலைக்கு உரியது. எந்தெந்த எரிவாயு வேலைக்குத் தகுதி என்று அதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். ரேடியேட்டர், வால்வு எல்லாம் தண்ணீர்ப் பக்கத்து வேலை, அதற்கு இந்தப் பதிவு தேவையே இல்லை. அதனால் தண்ணீர் வேலையில் ஆள் எப்படி என்பதற்கு அந்தக் கார்டு ஒரு சாட்சியும் ஆகாது. இதற்கு முன் செய்த வார்ப்பிரும்பு ரேடியேட்டர் வேலையை நேரில் காட்டச் சொல்வதுதான் உருப்படியான சோதனை.

வால்வுகளையும் அவரே வாங்கித் தருவதாகச் சொன்னார். "ஆன்லைன்ல வர்றதெல்லாம் டூப்ளிகேட் அண்ணா. என் சப்ளையர்கிட்ட சாலிட் பித்தளை இருக்கு." ஜோடி 95 பவுண்ட். பில்லிலும் 'சாலிட் பிராஸ், ஆன்டிக் ஃபினிஷ்' என்றே எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதிக் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று, அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலை முடிந்த அன்று வீடே அழகாகத்தான் இருந்தது. ஹீட்டிங் சீராக ஓட ஆரம்பித்த பிறகு முன்னறை ரேடியேட்டரில் சக்கரத்துக்குக் கீழே, தண்டு உள்ளே போகும் இடத்தில், தண்ணீர் முத்து முத்தாகக் கட்டியது. போன் செய்தால், "புதுசுல அப்படித்தான் இருக்கும் அண்ணா, தானா நின்னுடும்" என்றார். தானாக நிற்காது. கைவால்வில் தண்டைச் சுற்றி அடைப்பு நார் இருக்கும், அதை ஒரு சின்ன நட்டு அழுத்திப் பிடித்திருக்கும். அந்த நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் கசிவு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பழைய நாரை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். நல்ல வால்வில் சக்கரத்தைக் கழற்றியதுமே இந்த நட்டு கைக்கு எட்டும். இவர் போட்டதில் அப்படி ஒரு நட்டே இல்லை. எல்லாவற்றையும் மூடி அழுத்திய ஒரே கூடு. கசிந்தால் மொத்த வால்வையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்புறம் அவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டேன். வயதான ஆங்கிலேயர், அதிகம் பேசாதவர். மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தவர், நேராகக் காட்டியது பைப்பை வால்வோடு இணைக்கும் நட்டின் மேல் இருந்த கீறலை. முதல் ஆள் துணி சுற்றாமல் பல் வைத்த ரெஞ்சால் முறுக்கியிருந்தார். பல் பதிந்த இடத்தில் மஞ்சள் முலாம் உரிந்து, அடியில் சாம்பல் நிறம். பித்தளையாக இருந்தால் எவ்வளவு ஆழமாகக் கீறினாலும் மஞ்சள்தான் தெரியும். காந்தம் வைத்தார், ஒட்டவில்லை, ஆகவே இரும்பு இல்லை. துத்தநாகக் கலவை. பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் காந்தத்தை மட்டும் நம்பி 'பித்தளைதான்' என்று முடிவு கட்டாதீர்கள். கையில் எடுத்துப் பார்த்தாலும் ஓரளவு தெரியும், அதே அளவு பித்தளையைவிட இது எடை குறைவு. ரேடியேட்டர் கைவால்வுக்கு பிஎஸ் 2767 என்று ஒரு பிரிட்டிஷ் தரம் உண்டு. அது செம்புக் கலவை வால்வுகளுக்கானது, பித்தளை அதில் அடங்கும். வாங்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள்.

பைப்பும் நேராக நிற்கவில்லை. பழைய பாணி வால்வின் உடல் சாதாரண வால்வைவிட நீளமாக இருப்பது வழக்கம். அதனால் தரையிலிருந்து வரும் 15 மில்லிமீட்டர் செம்புப் பைப்பைச் சற்று வெளியே நகர்த்தித்தான் பொருத்த வேண்டும். அதற்குத் தரைப்பலகையைத் தூக்க வேண்டும், அரை நாள் வேலை. இவர் தூக்கவில்லை. பைப்பை இழுத்துப் பிடித்து நட்டைப் போட்டுவிட்டார். அது முழங்கால் வலிக்காரர் நிற்பது போலச் சாய்ந்து நிற்கிறது. பைப் சாய்ந்தால் நட்டுக்குள் பைப்பைச் சுற்றி இறுகித் தண்ணீரை அடைக்கும் ஆலிவ் வளையம் சரியாக உட்காராது, பிறகு எவ்வளவு முறுக்கினாலும் ஈரம் வரும். அதை மறைக்கத்தான் பைப்பின் மேல் பளபளப்பான உறையும் தரைத் தட்டும் போட்டிருக்கிறார். அதற்கும் தனிக் காசு!

எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது வேறொன்று. ஒரு ரேடியேட்டருக்கு இரண்டு வால்வு. ஒன்று நாம் திறந்து மூடும் சக்கரம். இன்னொன்று மூடி போட்ட லாக்‌ஷீல்டு. அதை ஸ்பானரால் திருப்பி ஒரு அளவில் நிறுத்திவைப்பார்கள். தண்ணீரைச் சூடாக்கும் பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டரில் அதைக் குறுக்கி, தூரத்தில் இருப்பதில் திறந்து விட்டால்தான் எல்லா அறைக்கும் சூடு பங்காகப் போகும். இவர் இரண்டு பக்கமும் சக்கரமே வைத்துவிட்டார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாத்தான் லுக்கு" என்று விளக்கம் வேறு. வீட்டில் குழந்தை இருந்தால் சக்கரத்தைச் சும்மா விடுமா? மாடியில் ஜன்னலைத் திறந்து வைக்கும் அளவுக்குச் சூடு, முன்னறையில் ஸ்வெட்டர். எந்தச் சக்கரம் எத்தனை சுற்றில் இருந்தது என்று இப்போது யாருக்கும் தெரியாது. லாக்‌ஷீல்டும் பழைய பாணி அலங்கார மூடியோடு வருகிறது, அழகு ஒன்றும் கெட்டுவிடாது.

பில்லில் 'சிஸ்டம் ட்ரீட்மென்ட்' என்று ஒரு வரி இருந்தது. வால்வு மாற்ற ஹீட்டிங் தண்ணீரை வடித்தால், திரும்ப நிரப்பும்போது துருத்தடுப்பு மருந்து கலக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இரும்பு அரித்துக் கருஞ்சேறு சேரும், பம்ப் வரை கெடும். கலந்தவர்கள் பாய்லர் பக்கத்தில் தேதி எழுதி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் ஸ்டிக்கரும் இல்லை, இரண்டாவது ஆள் தண்ணீர் எடுத்துச் சோதித்தபோது மருந்தும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் அந்த முதல் ஆள் சொல்லவே இல்லை. ஏற்கெனவே இருக்கும் ரேடியேட்டரில் கைவால்வு போடுவது ஒன்று, பாய்லரையே மாற்றுவது வேறு. இங்கிலாந்தில் 2022 ஜூனில் வந்த கட்டட விதிப்படி, பாய்லரை மாற்றும்போது அறைக்கு அறை சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் வசதியும் வர வேண்டும். சீக்கிரம் பாய்லர் மாற்றும் எண்ணம் இருந்தால், பழைய பாணித் தோற்றத்திலேயே தெர்மோஸ்டாட் வால்வுகள் கிடைக்கின்றன, அதைப் பாருங்கள். அறைத் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்து ரேடியேட்டருக்கு மட்டும் கைவால்வு போதும்.

சரி, பணத்துக்கு வருவோம். நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015-இன்படி, பொருள் சொன்னபடி இருக்க வேண்டும், வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நடந்திருக்க வேண்டும். பித்தளை என்று பில்லில் எழுதிவிட்டு வேறு உலோகம் தந்தால் முதல் பகுதியிலேயே மாட்டிக்கொண்டார். அட்வான்ஸை நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன், மீதியைத்தான் பேங்க் ட்ரான்ஸ்ஃபராகக் கேட்டு வாங்கினார். 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் என்றால், ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு கம்பெனியும் பொறுப்பு. "கேஷாக் கொடுத்தா குறைச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால், அட்வான்ஸையாவது கிரெடிட் கார்டில் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது பிளம்பர் எழுதித் தந்த அறிக்கை, கீறலின் படங்கள், அந்தப் பில் எல்லாவற்றையும் கார்டு கம்பெனிக்கு அனுப்பியாயிற்று. கழற்றிய வால்வுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்திருக்கிறேன், கேட்டால் காட்ட வேண்டுமே. முதல் ஆளுக்கும் கடிதம் போட்டாயிற்று, பதில் இல்லை. கார்டு கம்பெனி கைவிரித்தால் அடுத்தது சிறு வழக்கு நீதிமன்றம், அங்கே 10,000 பவுண்ட் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். முடிவு தெரிந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.