வெள்ளவத்தை – லண்டன் – ரொறன்ரோ: நான்கு பயணங்களுக்கு டிக்கெட் தேடிய கதை

அக்கா லண்டன் ஹரோவில். சின்னம்மா ரொறன்ரோ ஸ்காபரோவில். நாங்கள் நான்கு பேர் கொழும்பு வெள்ளவத்தையில். பிள்ளைகளின் விடுமுறைக்கு இரண்டு வீட்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பதென்றால் நடுவில் அத்திலாந்திக்கைத் தாண்டவேண்டும். அந்த நடுத்துண்டை மலிவாகத் தாண்டுவதற்காக 2017, 2019, 2023, 2025 என்று நான்கு தடவை இரவிரவாகத் தேடியிருக்கிறேன். 2022இலும் தேடினேன், ஆனால் போகவில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குச் சற்று மேலே நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. விமானக்காரன் விலையைக் கூட்டாமலே டிக்கெட் எங்கள் கைக்கு எட்டாமல் போய்விட்டது.

இவ்வளவு காலமும் நான் கூடுதலாகப் பாவித்தது, விமான விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் கூகுள் ஃப்ளைட்ஸ் தளம். ஸ்கைஸ்கேனரையும் ஒரு பக்கம் திறந்து வைத்திருப்பேன். கூகுளில் எனக்குப் பிடித்தது நாட்காட்டிதான். ஒவ்வொரு நாளின் கீழும் விலை நிற்கும், மலிவான நாட்கள் பச்சையில் தெரியும். ஒரு மாதத்தை அப்படிப் பார்த்தால் விலை எங்கே ஏறுகிறது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். இங்கிலாந்துப் பள்ளிகள் ஜூலை மூன்றாம் நான்காம் கிழமையில் மூடியதும் லண்டனிலிருந்து கனடா போகும் விலை எகிறும். ஆகஸ்ட் கடைசியில், விடுமுறைக்கு ஐரோப்பா வந்த கனடாக்காரர்கள் வீடு திரும்பும்போது இன்னொரு தடவை ஏறும். ஆகவே ஜூலை முதற்கிழமையில் கடலைத் தாண்டிவிடுவது எங்களுக்கு வாய்ப்பாக இருந்தது. 'செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு', 'பிரவுசர் வரலாற்றை அழித்துவிட்டுத் தேடு' என்றெல்லாம் சொந்தக்காரர் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன், ஒரு சதம் குறைந்ததில்லை. குறிப்பிட்ட தேதிகளுக்கு, விலை மாறினால் சொல்லும் விலை அறிவிப்பைப் போட்டுவிட்டுப் படுத்ததுதான் பலன் தந்தது.

ஆனால் குடும்பமாகப் போகிறவர்களை இந்தத் தளங்கள் ஒரு இடத்தில் ஏமாற்றும். அதை எனக்குச் சொல்லித்தந்தவர் கொழும்பின் காலி வீதியில் (Galle Road) டிக்கெட் ஏஜென்சி வைத்திருக்கும் ஒரு அண்ணா. "தங்கச்சி, நாலு சீட்டையும் ஒரேயடியாத் தேடாதேங்கோ. முதல்ல ஒண்டு, பிறகு ரெண்டு எண்டு தேடிப் பாருங்கோ" என்றார். ஒரே விமானத்தில் ஒரே எகானமி இருக்கைகளைக்கூடப் பல விலைத் தட்டுகளாகப் பிரித்துத்தான் விற்கிறார்களாம். மலிவான தட்டில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், நான்கு பேருக்குத் தேடும்போது பெரும்பாலும் நான்கையும் அடுத்த தட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். உதாரணத்துக்கு, கீழ்த்தட்டு 420 பவுண், மேல்தட்டு 500 என்று வையுங்கள். நான்கு பேருக்கும் சேர்த்து 2000 காட்டும். மூன்றும் ஒன்றுமாக வாங்கினால் 1760. வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் அப்படியே பார்த்தேன். வித்தியாசம் கண் முன்னால் நின்றது. பிரித்து வாங்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் தாயின் அல்லது தகப்பனின் பதிவில் இருக்கிற மாதிரிப் பார்க்கவேண்டும். பிறகு விமான நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து இரண்டு பதிவையும் இணைத்துக் குறிப்பெழுதச் சொன்னோம்.

2017இல் விட்ட பிழை வேறு. கொழும்பு–லண்டன் போய்வர ஒரு டிக்கெட், லண்டன்–ரொறன்ரோ போய்வர மலிவு விமானத்தில் இன்னொன்று. திரையில் பார்க்க அழகான விலை. முதல் டிக்கெட்டில் ஆளுக்கு 30 கிலோ, இரண்டாவதில் கைப்பை மட்டும். சின்னம்மாவுக்கென்று வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, முறுக்கு எல்லாம் அக்கா வீட்டுக் கூடத்தில் பரப்பிக் கிடந்தன. இவர் தொங்கு தராசில் பெட்டியைக் கொழுவித் தூக்க, நான் முள்ளைப் பார்த்து "இன்னும் ரெண்டு கிலோ எடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் லண்டன் கட்விக் விமான நிலையத்தில் பெட்டிக்குக் காசு, பிள்ளைகளுக்குப் பக்கத்து இருக்கைக்குக் காசு. மிச்சம் பிடித்தது எல்லாம் அங்கேயே போய்விட்டது. வீடு திரும்புவதற்காக ரொறன்ரோவிலிருந்து மறுபடி லண்டனுக்கு வந்தது அதைவிட முட்டாள்தனம்.

எங்களைப் போல இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் லண்டனில் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்கவேண்டும். அதற்கு உள்ளே நுழையச் சாதாரணமாகப் பிரித்தானிய விசா வேண்டும். அக்காவைப் பார்க்கப் போவதால் எங்களிடம் இருந்தது. கனடாவுக்கு மட்டும் போகிறவர்கள் விலையைக் கண்டு மயங்கி இப்படி வாங்குவதற்கு முன், கனடா விசாவை வைத்துப் பிரித்தானிய விசா இல்லாமல் லண்டனில் விமானம் மாறலாமா என்று விசாரிக்கவேண்டும், இல்லாவிட்டால் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே நிறுத்திவிடக்கூடும். ஐஸ்லாந்து நாட்டு விமான நிறுவனமான ஐஸ்லாந்தேர் காட்டுகிற ஆசையும் இதே கதைதான். வழியில் ஐஸ்லாந்தில் ஏழு நாள் வரை விமானக் கட்டணம் கூடாமல் தங்கலாம். ஆனால் நமக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். நான்கு பேரின் விசாச் செலவைக் கூட்டிப் பார்த்ததும் பிள்ளைகளிடம் எரிமலையைப் படத்தில் காட்டினேன்.

2019 இன்னும் மோசம். பட்டியலில் ஆகக் குறைந்த விலை என்று பெயர் கேள்விப்படாத ஓர் ஆன்லைன் ஏஜென்சியில் வாங்கினேன். விமான நேரம் ஐந்து மணித்தியாலம் முன்னுக்கு வந்தது. யாரும் அறிவிக்கவில்லை, தற்செயலாகத்தான் கண்டேன். விமான நிறுவனம் ஏஜென்சியைக் கேள் என்றது. ஏஜென்சி மாற்றுவதற்குக் காசு கேட்டது. பணம் திரும்பி வர நான்கு மாதம். அன்றிலிருந்து தேடுவது எங்கேயும் இருக்கட்டும், வாங்குவது விமான நிறுவனத்தின் தளத்தில், இல்லாவிட்டால் காலி வீதி அண்ணாவிடம். அவரிடம் சில வேளை கொஞ்சம் கூடத்தான். ஆனால் ரூபாயில் கட்டலாம், பிரச்சினை என்றால் நேரே போய்க் கதைக்கலாம்.

2023இலும் 2025இலும் செய்தது 'பல நகரம்' என்ற தெரிவு. கொழும்பு–லண்டன், இரண்டு கிழமை கழித்து லண்டன்–ரொறன்ரோ, பிறகு ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்குத் திரும்பாமல் வீடு. மூன்றும் ஒரே டிக்கெட், பெட்டிகளும் அதிலேயே அடக்கம். பெரிய விமான நிறுவனங்களில் அத்திலாந்திக்கை ஒருவழியாகத் தனியே வாங்கினால் விலை கொள்ளை. இப்படிக் கோத்து வாங்கினால் போய்வரும் விலையின் பாதிக்குக் கிட்ட வரும். பட்டியலின் முதல் வரியில் இது ஒருநாளும் வராது, நாமேதான் நாட்களை மாற்றிமாற்றிப் போட்டுப் பார்க்கவேண்டும். எனக்கு மூன்று இரவு பிடித்தது.

லண்டனில் 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றுவிட்டுக் கிளம்பினால் பிரித்தானியப் பயணிகள் வரி உண்டு. 2025 ஜூலையில் எகானமியில் கனடாவுக்கு ஆளுக்கு 90 பவுண். அக்கா வீட்டில் இரண்டு கிழமை சாப்பிட்டதற்கு அரசாங்கம் எடுத்த காசு என்று இவர் பகிடி விடுவார். எகானமியில் போகும் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த வரி இல்லை. அதனால் எங்களுக்கு 180 பவுணோடு முடிந்தது. மகளுக்கு 2027இல் பதினாறு முடியும், அதற்குப் பிறகு அவளுக்கும் கட்டவேண்டும். அடுத்த ஜூலைக்கு விலை அறிவிப்புப் போட்டாயிற்று. சின்னம்மா மிளகாய்த்தூளைப் பற்றிக் கேட்கவும் தொடங்கிவிட்டார்.