மூன்று கட்டை லைட்டா, சார்ஜ் லைட்டா, லித்தியம் டார்ச்சா?

இரவில் வரப்பில் நடக்கிறவனுக்குச் செருப்புக்கு அடுத்த தேவை டார்ச். டெல்டாவில் மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் மோட்டார் போடவும், மடை மாற்றவும், எலி குடைந்த இடத்தில் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்கவும் ஒருவர் போயே ஆகவேண்டும். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரை தேடிக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். அதனால் டார்ச் வாங்குவதை எங்கள் வீட்டில் சில்லறைச் செலவாக யாரும் நினைப்பதில்லை.

இப்போது வீட்டில் மூன்று வகை இருக்கின்றன. அம்மா வைத்திருக்கும், மூன்று கட்டை பேட்டரி போடும் எல்இடி லைட். அப்பா பழகிய, பின்புறம் இரண்டு பின் நீட்டிச் சுவரிலேயே செருகும் பிளாஸ்டிக் சார்ஜ் லைட். ஆனி மாதம் நான் வாங்கிய, 18650 லித்தியம் பேட்டரி போடும் அலுமினிய டார்ச். என் சாய்வு மூன்றாவதன் பக்கம்தான். அது ஏன் என்று சொல்வதே இந்த அலசல்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. நான்கடி தூரத்துக்கு முன்னால் என்ன கிடக்கிறது என்று காட்டும் வெளிச்சம் மூன்றிலுமே இருக்கிறது. உறுதியும் அப்படித்தான். பழைய இழை பல்பு காலத்தில் கீழே விழுந்தால் இழை அறுந்துவிடும். அதற்காகவே பின்மூடிக்குள் ஸ்பிரிங் நடுவே ஓர் உதிரி பல்பு வைத்திருப்பார்கள். எல்இடியில் அறுவதற்கு இழையே இல்லை. என்னுடைய அலுமினிய டார்ச் மோட்டார் கொட்டகைப் படியிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. விளிம்பில் கறுப்புப் பூச்சு பெயர்ந்து வெள்ளி நிறம் தெரிகிறது, மற்றபடி ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் லைட் விழுந்தால் பெரும்பாலும் கண்ணாடி வளையம் கழன்று ஓடும். தேடி எடுத்துத் திருகிக்கொள்ளலாம்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும். டார்ச்சுகளை அளப்பதற்கு அமெரிக்காவில் 2009-இல் எஃப்எல்1 என்று ஒரு தரம் வகுத்தார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் அதன்படிதான் எண் போடுகிறார்கள். அதில் 'எட்டும் தூரம் 200 மீட்டர்' என்றால், 200 மீட்டர் தூரத்தில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ் (விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைந்துவிட்டது என்று பொருள். கால் லக்ஸ் ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி. அந்த வெளிச்சத்தில் மரம் நிற்பது தெரியும், மரத்தடியில் சுருண்டு கிடப்பது தெரியாது. 'எத்தனை மணி நேரம் எரியும்' என்ற கணக்கும் வெளிச்சம் தொடக்க அளவில் பத்து சதவீதமாகக் குறையும் வரை ஓடுகிறது. எனவே பெட்டியில் எட்டு மணி நேரம் என்றிருந்தால் அதில் பாதியை நம்பினால் போதும். தரத்தின் பெயரே இல்லாமல் பத்தாயிரம், ஐம்பதாயிரம் லூமென் (டார்ச் வெளியிடும் மொத்த ஒளியின் அலகு) என்று அச்சடித்திருக்கும் மலிவுச் சரக்கின் எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

முன்பகுதியை இழுத்து ஒளியைக் குவிக்கும் ஜூம் டார்ச்சும் கடைகளில் நிறையக் கிடைக்கிறது. முழுதாகக் குவித்தால் சுவரில் வெளிச்சம் வட்டமாக விழாமல் சதுரமாக விழும்; எல்இடி சில்லின் வடிவமே லென்ஸ் வழியாகப் பெரிதாகி விழுகிறது. தென்னை உச்சியில் குலை பார்க்க அது நல்லது. வரப்பில் நடக்கும்போது காலடியும் பக்கவாட்டுப் புல்லும் ஒருசேரத் தெரியவேண்டும், அதற்கு ஆகாது. நகரும் பாகம் இருப்பதால் அதன் இடுக்கில் தண்ணீர் இறங்குவதும் எளிது. அதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

இனி கட்டை லைட். இதன் பெரிய பலம், பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் எடுத்து அழுத்தினால் எரியும். பலவீனம் இரண்டு. முதலாவது மின்னழுத்தம். வெள்ளை எல்இடி நன்றாக எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒரு கட்டை 1.5 வோல்ட், இரண்டு கட்டை புதிதாக இருக்கும்போதே 3 வோல்ட்தான். அழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்று உள்ளே இல்லாத மலிவு லைட்டில், பேட்டரி பாதி தீரும்போதே வெளிச்சம் மங்கிவிடும். மிச்சச் சக்தி உள்ளே இருந்தும் பயனில்லை. மூன்று கட்டை வாங்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் பேட்டரி போடலாமே என்று தோன்றும். அது ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். இரண்டு போட்டால் 2.4, மினுக் மினுக்கென்று எரியும். மூன்று போட்டால் 3.6, அருமையாக எரியும். இரண்டாவது பலவீனம் கசிவு. தீர்ந்த கட்டையை உள்ளேயே விட்டால் ஒருநாள் பொங்கி, ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குக் கட்டும். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவைத்துக் காப்பாற்றலாம். ஸ்பிரிங் அரித்துப்போன பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

சார்ஜ் லைட் விலையில் எல்லோரையும் வென்றுவிடும். சில நூறு ரூபாய்க்கு அவ்வளவு வெளிச்சம் வேறெதிலும் வராது. ஆனால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. மோட்டார் சைக்கிள் பேட்டரியின் சின்னத் தம்பி. ஈய பேட்டரிக்குத் தாங்க முடியாதது பட்டினி. சார்ஜ் இறங்கிய நிலையில் சில வாரம் கிடந்தால் தகட்டில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் செருகிவைத்தாலும் ஏறாது. அறுவடை முடிந்து, வயல் வேலை இல்லாத சித்திரை, வைகாசியில் லைட்டை யார் நினைக்கிறார்கள்? தண்ணீர் வந்து திரும்பவும் எடுக்கும்போது இரண்டு நிமிடம் எரிந்து அணையும். நேர்மாறான சிக்கலும் உண்டு. பெரும்பாலான மலிவு லைட்டுகளில் நிரம்பியதும் தானே நிற்கும் ஏற்பாடு கிடையாது. இரவு முழுதும் செருகியே விட்டால் பேட்டரி உள்ளே உலர்ந்துபோகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவ்வகை லைட்டுகள் பலவற்றில் மின்மாற்றி இருக்காது; ஒரு மின்தேக்கி வழியாக வீட்டு மின்சாரம் நேரே உள்ளே வருகிறது. செருகியிருக்கும்போது உள்பாகம் முழுதும் 230 வோல்ட்டோடு தொடர்பில் இருக்கிறது. கூடு விரிசல் விட்ட லைட்டையும், மழையில் நனைந்த லைட்டையும் தயவுசெய்து சுவரில் செருகாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நான் வலியுறுத்திச் சொல்வேன்.

மூன்றாவதற்கு வருகிறேன். 18650 என்பது அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவம் என்பதற்கு. பழைய மடிக்கணினி பேட்டரிக்குள் வரிசையாக இருப்பது இதேதான். சராசரி 3.7 வோல்ட், முழுதாக நிரம்பினால் 4.2. ஒற்றைப் பேட்டரியே எல்இடிக்குத் தேவையானதைக் கொடுத்துவிடுவதால் டார்ச் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. நான் வாங்கியது வுர்கோஸ் நிறுவனத்தின் எஃப்சி11. விலை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் பின்மூடியைத் திருகினால் பேட்டரி வெளியே வருகிறது என்பது.

டார்ச்சில் முதலில் சாவது பேட்டரி. எல்இடி ஆயிரக்கணக்கான மணி நேரம் எரியும், அலுமினியக் குழாய்க்கு அழிவில்லை, பொத்தான் தேய சில ஆண்டுகள் ஆகும். லித்தியம் பேட்டரியோ சில நூறு முறை ஏற்றி இறக்கியதும் களைத்துவிடும். பேட்டரி கழற்ற முடியாத டார்ச் அன்றோடு குப்பை. சார்ஜ் லைட்டிலும் திருகாணி கழற்றி, கம்பி பற்றவைத்து மாற்றலாம் என்பார்கள். மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் புது பேட்டரியும் கூலியும் சேர்ந்தால் புது லைட்டின் விலையை நெருங்கிவிடும்; அதனால் பெரும்பாலோர் மாற்றுவதில்லை, தூக்கிப் போடுகிறார்கள். எங்கள் கொட்டகை ஓரத்தில் கூடு பழுதில்லாத, பல்பு பழுதில்லாத சார்ஜ் லைட்டுகள் கிடக்கின்றன. எல்லாம் பேட்டரி செத்தவை. மலிவு என்ற கணக்கு அங்கே உடைகிறது.

இணையத்தில் வாங்கும்போது 'யூஎஸ்பி சார்ஜ், லித்தியம்' என்று மட்டும் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். உள்ளேயே அடைத்து மூடிய லித்தியம் டார்ச்சுகளும் ஏராளம். படத்தில் பேட்டரி தனியாக வெளியே இருக்கிறதா, அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில டார்ச்சுகளில் பேட்டரி வெளியே வரும், ஆனால் அந்த நிறுவனத்தின் பிரத்யேக பேட்டரி மட்டுமே பொருந்தும். அதுவும் பூட்டிய கதவுதான்.

மாற்று பேட்டரியை, மின்னணுச் சாமான்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவிலோ, மின்சார ஸ்கூட்டருக்கு பேட்டரி கட்டுபவரிடமோ வாங்கலாம். அங்கே கவனம் வேண்டும். நல்ல 18650 ஒன்றின் கொள்ளளவு பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டியே நின்றுவிடுகிறது. 9900 என்று அச்சடித்துச் சிவப்பும் நீலமுமாக விற்பவை பொய். நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே தெரியும்: நல்லது பெரும்பாலும் 45 கிராமை ஒட்டி இருக்கும், போலி பெரும்பாலும் காற்றாக இருக்கும். உறை கிழிந்த பேட்டரியைப் போடாதீர்கள். சட்டைப்பையில் சாவி, சில்லறையோடு தனி பேட்டரியைக் கொண்டுபோகவே கூடாது. இரு முனையும் தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கும்.

கட்டை லைட் கட்சிக்காரர்கள் உடனே கேட்கும் கேள்வி: மின்சாரம் இல்லாவிட்டால் என்ன செய்வாய்? நியாயமான கேள்வி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. சுவரில் செருகும் லைட்டுகள் அன்றைக்கு இரண்டாவது இரவே கண்ணை மூடின. கட்டை பேட்டரிக்கு எங்கும் அலைச்சல். டைப்-சி துளை உள்ள டார்ச்சுக்கு வீட்டு மின்சாரம் கட்டாயமில்லை. 5 வோல்ட் கிடைத்தால் போதும். பவர் பேங்க், டிராக்டரில் செருகும் மொபைல் சார்ஜர், சிறு சூரியத் தகடு எதிலிருந்தும் ஏற்றலாம். முழுதாக நிரப்பிய உதிரி பேட்டரி ஒன்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தால் குறைந்த வெளிச்சத்தில் பல இரவுகள் ஓட்டலாம். ஆனாலும் அந்தக் கேள்வியின் பொருட்டு அம்மாவின் மூன்று கட்டை லைட் வீட்டிலேயே இருக்கிறது. பேட்டரியை உள்ளே போடாமல் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

பயன்படுத்தும்போது பிடித்துப்போனவை சில. பின்மூடியில் காந்தம் இருக்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் இரும்புக் கதவில் ஒட்டிவைத்துவிட்டு இரண்டு கையாலும் ஃபியூஸ் பார்க்கலாம். முன்பெல்லாம் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு செய்த வேலை இது. நிறமும் முக்கியம். மலிவு லைட்டின் நீலம் கலந்த வெள்ளையில் காய்ந்த வைக்கோல், மண், சருகு எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். நான் எடுத்தது 4000 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைச் சொல்லும் அலகு), மஞ்சள் சாயல் உள்ளது, நிறங்களைப் பகலில் போலப் பிரித்துக் காட்டும் வகை. பழுப்பு மண்ணில் பழுப்பு உடம்பு கிடந்தால் கண்ணுக்குப் படும் வாய்ப்பு அதிகம் என்று நம்புகிறேன். பாம்பை வைத்துச் சோதித்ததில்லை. சருகுக்குள் கிடந்த பழுப்புக் கயிற்றை இது காட்டியது, சார்ஜ் லைட் காட்டவில்லை.

குறைகளும் உண்டு. உச்ச வெளிச்சத்தில் வைத்தால் சில நிமிடங்களில் தலைப்பகுதி கை சுடும், பிறகு தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் போட்ட 1300 லூமென் அந்தச் சில நிமிடத்துக்குத்தான். அப்பாவுக்கு இதன் பொத்தான் பிடிக்கவில்லை. அழுத்தினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் ஒன்று, இருமுறை தட்டினால் ஒன்று என்றிருப்பது அவசரத்துக்கு உதவாது என்கிறார். அவர் சொல்வது சரி. தள்ளும் பொத்தான் உள்ள லைட்டைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கலாம். வயதானவர்களுக்கு வாங்குவதாக இருந்தால் நானே மூன்று கட்டை லைட்டைத்தான் சொல்வேன்.

பையில் போடும்போது பொத்தான் தானாக அழுந்தி எரிந்துவிடும் தொல்லைக்கு வழி இருக்கிறது. பின்மூடியைக் கால் திருகு தளர்த்திவிடுங்கள். திருகு மரையின் மேல் உள்ள பூச்சு மின்சாரம் கடத்தாது என்பதால் இணைப்பு அறுந்துவிடும். எடுத்து வைக்கப்போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் இப்படித் தளர்த்தி வைப்பது பேட்டரிக்கும் நல்லது.

இன்னும் எனக்குத் தெளியாதது சார்ஜ் துளையை மூடும் ரப்பர். தண்ணீர் புகாது என்கிறார்கள். தூறலில் பார்த்துவிட்டேன், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் பார்க்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து அந்த ரப்பர் தளராமல் இருக்குமா என்பதும் தெரியாது. துளை கெட்டுப்போனாலும் பேட்டரியை வெளியே எடுத்துத் தனி சார்ஜரில் ஏற்றலாம் என்பதால் அதைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. சம்பா நடவுக்கு முன் அந்தத் தனி சார்ஜரையும் இன்னொரு பேட்டரியையும் வாங்கிவிடப் போகிறேன்.