பென்சில் கோடும் கடப்பாரையும்: ஓசூரில் பில்டர் வீடு, தருமபுரியில் மேஸ்திரி வீடு

எங்கள் குடும்பத்தில் ஒரே ஆண்டில் இரண்டு வீடுகள் எழுந்தன. ஒன்று ஓசூரில், பாகலூர் சாலைப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் பில்டர் கட்டிக்கொடுத்த என் வீடு. மற்றது தருமபுரியில், பென்னாகரம் சாலையை ஒட்டி, என் மச்சான் சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டிய வீடு. இரண்டும் முப்பதுக்கு நாற்பது மனை. 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்த ஊர்கள்தான். ஆனால் ‘இதைக் கொஞ்சம் மாற்றிக் கட்டுங்கள்’ என்று கேட்கும் விஷயத்தில் இரண்டும் வேறு வேறு உலகம். கட்டுவதற்கு முன்பே தன் விருப்பப்படி மாற்றம் கேட்க நினைப்பவருக்கு எது தோது என்று பலர் கேட்டுவிட்டார்கள்.

பில்டர் அலுவலகத்துக்கு முதல் நாள் போனபோது என் மனைவி ஒரு குயர் நோட்டில் பதினோரு மாற்றங்களை எழுதி எடுத்து வந்திருந்தாள். மேஜையில் வரைபடத்தை விரித்துவைத்து, என்ஜினியர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். ஆறுக்கு உடனே தலையாட்டினார். மூன்றுக்குப் பணம் கேட்டார். இரண்டை அடித்துவிட்டார். அடிபட்டதில் ஒன்று கூடத்தின் நடுவே வரும் தூண். “சார், இருபத்து நான்கு வீடுகளுக்கும் ஒரே கம்பிக் கணக்கு. இந்தத் தூணை நகர்த்தினால் உங்கள் ஒரு வீட்டுக்காகப் பீமை மறுபடி கணக்கிட வேண்டும்” என்றார். நியாயமான பதில். தூண், பீம், படிக்கட்டு ஆகிய மூன்றும் பில்டர் வீட்டில் அசையாது. நடுவில் வரும் நாலரை அங்குலச் சுவர் அசையும். அதுவும் வரைபடம் ஒப்புதலுக்குப் போவதற்கு முன்புதான்.

இந்த ‘முன்பு’ என்ற சொல்லில் சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, ஒப்புதல் பெற்ற வரைபடத்தை வாங்குபவரின் சம்மதமில்லாமல் பில்டர் மாற்றக்கூடாது என்கிறது. வாங்குபவர் கேட்டால் சிறு மாற்றம் செய்யலாம். ஆனால் எது சிறு மாற்றம் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது: சுவரைக் கட்டுவது, எடுப்பது, வெட்டுவது, பரப்பைக் கூட்டுவது எல்லாம் அதில் சேராது. ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்று விற்பனைக்காரர் சொன்னால், அந்த அப்புறம் வரவே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. மாற்றங்களின் பட்டியலை அந்த ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எனக்குத் தலையாட்டிய ஆறில் இரண்டு, கட்டுமான இடத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியவே இல்லை. இணைப்பைக் காட்டிய பிறகுதான் சமையலறை ஜன்னல் மூன்றடி தள்ளி வந்தது.

நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளோ, வீடுகள் எட்டுக்குள்ளோ இருந்தால் திட்டத்தை ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஓசூரைச் சுற்றி நான்கு வீடு, ஐந்து வீடு என்று கட்டி விற்பவர்கள் நிறையப் பேர். அங்கே மாற்றம் கேட்பது எளிது, சொன்ன சொல்லில் அவர்களைப் பிடித்து நிறுத்துவது கடினம்.

பணம் கேட்ட மூன்றில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் பில்டர்கள் கட்டும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே சம்ப் (தரைக்கடித் தொட்டி), ஒரே மேல்தொட்டி. போர்வெல் தண்ணீரும் ஒகேனக்கல் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து சமையலறைக் குழாயில் வரும். நாங்கள் குடிநீருக்குத் தனிச் சிறு சம்ப், மாடியில் தனிச் சிறு தொட்டி, அங்கிருந்து சமையலறைக்கு மட்டும் தனிக் குழாய் என்று கேட்டோம். ‘யாரும் கேட்டதில்லை’ என்று முகம் சுளித்தார்கள். பிறகு ஒரு தொகை சொன்னார்கள், பேசிக் குறைத்தோம். பூச்சு வேலை முடிந்தபின் கேட்டிருந்தால் சமையலறைச் சுவரை மேலிருந்து கீழ்வரை வெட்டித்தான் அந்தக் குழாயை இறக்கியிருக்க முடியும். இன்று பக்கத்து வீடுகளில் வெளிச்சுவர்மேல் வெள்ளைக் குழாய் பாம்புபோல் தொங்குவதைப் பார்க்கிறேன்.

இப்போது மச்சான் வீடு. அங்கே ‘முடியாது’ என்று சொல்ல ஆளே இல்லை. எல்லாருக்கும் பிடிப்பது அதுதான், ஆபத்தும் அதுதான். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள் என்றால் 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. மச்சானும் அப்படித்தான் வாங்கினார். அனுமதி கையில் வந்ததும் வரைபடம் பீரோவுக்குள் போய்விட்டது. சுயசான்று என்றால் வரைபடப்படி கட்டுவேன் என்று உறுதி கொடுப்பவர் நாம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பேஸ்மென்டில், அதாவது தரையை உயர்த்தும் அடித்தளத்தில், மண் நிரப்பிய அன்று பெரியப்பா வந்தார். கிழக்குப் பார்த்த வீடு, கழிவறை ஈசானிய (வடகிழக்கு) மூலையில் வருகிறது, இது ஆகாது, வாயு (வடமேற்கு) மூலைக்கு மாற்று என்றார். மேஸ்திரி, “அதற்கென்ன சார், மாற்றிவிடலாம்” என்று சுண்ணாம்புப் பொடியால் புதுக் கோடு போட்டார். ஐந்து நிமிட வேலை. ஆனால் கழிவுநீர்க் குழாய் சேர வேண்டிய சேம்பர் கிழக்கே, தெருப் பக்கம் இருந்தது. குழாய் இப்போது வீட்டின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். ஓட்டத்துக்குச் சரிவு வேண்டும் என்றால் பின்பக்கம் உயர வேண்டும். அப்படி உயர்ந்து, இன்று அந்தக் கழிவறை வாசலில் ஆறங்குலப் படி ஒன்று நிற்கிறது. முழங்கால் வலிக்காரரான அத்தை ஒவ்வொரு முறையும் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார். வாஸ்து பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. பார்ப்பவரை வரைபடம் தாளில் இருக்கும்போதே அழைத்துவிட வேண்டும் என்கிறேன். பென்சில் கோட்டை மாற்றுவதற்குச் செலவில்லை.

இதே மச்சான் வீட்டில் நான் பொறாமைப்படும் விஷயங்களும் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைக்கு நேரில் போய், பலகைகளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். சமையல் மேடை உயரத்தை என் தங்கை நின்று காட்டிய அளவுக்கு வைத்தார்கள். பில்டரிடம் நான் ‘உங்கள் கல் வேண்டாம், நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்றபோது கழித்த தொகை நான் கல்லுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. இது எல்லா பில்டர்களிடமும் ஏறக்குறைய ஒரே கதைதான்: ‘வேண்டும்’ என்றால் சில்லறை விலை, ‘வேண்டாம்’ என்றால் மொத்த விலை. அதனால் டைல்ஸ், கதவு, அலமாரி போன்ற கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்களை பில்டரிடம் கேட்காதீர்கள். குடியேறிய பிறகு செய்துகொள்ளலாம். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் தளத்துக்குள்ளும் புதையப் போகிறவற்றை மட்டும் கேளுங்கள். தளம் போடுவதற்கு முந்தைய நாள் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகைகள்) மேல் ஏறி மின்விசிறிப் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு ஒன்று குறைந்தது.

வரிக் கணக்கும் இரண்டுக்கும் ஒன்றல்ல. கட்டுமானத்தில் இருக்கும் பில்டர் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மலிவு விலை வரம்புக்குள் வந்தால் 1 சதவீதம். சொந்தத் தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசிக் கட்டினால் அந்தக் கூலிக்கு வரி இல்லை. பொருளோடு சேர்த்து, பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரிடம் விட்டால் 18 சதவீதம்.

கட்டி முடித்த வீட்டை வாங்கி மாற்றிக்கொள்வது மூன்றாவது வழி. நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது என்பது மட்டுமே அதன் இனிப்பு. அடுக்குமாடியில் மாற்றம் கேட்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மேலும் கீழும் ஒரே குழாய்.

யாருக்கு எது? காலை ஏழு மணிக்குத் தினமும் மனையில் நிற்க முடிகிறவருக்கும், உறவினர்களிடம் ‘இல்லை’ சொல்லத் தெரிந்தவருக்கும் மேஸ்திரி வீடு. சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் என்னைப் போன்றவருக்கு பில்டர் வீடு. மறுத்துப் பேச எதிரே ஓர் என்ஜினியர் இருந்ததால்தான் எங்கள் பதினோரு ஆசைகளில் அசட்டுத்தனமான இரண்டு கழன்றன.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்று செய்யலாம். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரின் முன்னும் டேப்பைப் பிடித்து நான் படம் எடுத்துவைத்தேன். குழாய் எத்தனை அடியில், வயர் எந்தப் பக்கம் என்று எல்லாம் தெரியும். மச்சான் எடுக்கவில்லை. போன மாதம் குளியலறையில் கண்ணாடி மாட்டத் துளை போட்டபோது சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டது. “மாமா, உங்கள் வீட்டில் குழாய் எந்த உயரத்தில் போகிறது?” என்று அலறிக்கொண்டு என்னைத்தான் கூப்பிட்டார்.