கயிறு கட்டிய ஒன்பது கட்டைகள்: ஜெர்மனியின் கேகல் தளம்

ஜெர்மனியில் பல உணவு விடுதிகளின் அடித்தளத்தில் இருக்கும் கேகல் தளம், அதாவது பந்தை உருட்டி ஒன்பது கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டத்தின் களம், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். பந்து 16 செ.மீ. விட்டம், மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விரல் துளை கிடையாது. உள்ளங்கையில் ஏந்திக் குனிந்து உருட்ட வேண்டும். தூக்கிப் போட்டால் தளம் பாழ்.

சாய்சதுரமாக நிற்கும் கட்டை ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கயிறு. அதை இழுத்துத்தான் இயந்திரம் நிமிர்த்துகிறது. பக்கத்துக் கயிறு உரசிச் சாய்ந்த கட்டையும் கணக்கில் ஏறிவிடும், குறை சொல்வதென்றால் இதைத்தான் சொல்லலாம். கயிறு சிக்கினால் மின்சாரத்தை அணைத்த பிறகே கை வைக்கலாம்.

நடுக்கட்டை மட்டும் நிற்க, மற்ற எட்டும் விழுந்தால் 'க்ரான்ஸ்', அதாவது பூமாலை. ஒன்பதையும் சாய்ப்பதைவிட அதுதான் அழகு! ஆட்டத்துக்கு நடுவே பீரும் சாப்பாடும் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். விடுதிக்காரர் கண் அதில்தான்.