கவர்னருக்கு முகவரி, அசெஸருக்குச் சான்றிதழ்: நான்கு அமெரிக்க மாநிலங்களில் வேட்பாளர் தகுதி

கார்ல் லூயிஸ் ஒலிம்பிக்கில் 9 தங்கம் வென்றவர். 2011இல் நியூ ஜெர்சி மாநில செனட்டின் 8ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சி சார்பில் களமிறங்கினார். வளர்ந்தது அந்த மாநிலத்தில்தான். வீடும் அங்கே இருந்தது, தான் படித்த பள்ளியிலேயே பிள்ளைகளுக்கு ஓட்டப்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் 2009 வரை அவர் ஓட்டுப் போட்டது கலிஃபோர்னியாவில். நியூ ஜெர்சி செனட்டுக்கு 4 ஆண்டு வசிப்பு கட்டாயம். வழக்கு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது, தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.

அமெரிக்க மாநிலத் தேர்தல்களில் வேட்பாளர் தகுதி என்று வருகிறபோது வயதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் முகவரி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பதவி மேலே போகப் போக, 'உனக்கு இந்த வேலை தெரியுமா' என்ற கேள்வியே காணாமல் போகிறது. மாநிலத்தையே ஆளும் கவர்னருக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். (நம் ஊர் ஆளுநர் போல நியமனப் பதவி இல்லை இது; வேலையைப் பார்த்தால் முதல்வர்.) அதே மாநிலத்தில் ஒரு கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) வீட்டு மதிப்பைக் கணக்கிடும் அசெஸர் என்ற அதிகாரிக்குச் சான்றிதழ் இல்லையென்றால் நாற்காலி இல்லை.

தமிழர்கள் அதிகம் குடியேறிய நான்கு மாநிலங்களை அருகருகே வைத்தால் இப்படி இருக்கிறது:

| பதவி | கலிஃபோர்னியா | டெக்சஸ் | ஜார்ஜியா | நியூ ஜெர்சி |
|---|---|---|---|---|
| கவர்னர்: வயது | 18 | 30 | 30 | 30 |
| கவர்னர்: குடியுரிமை பெற்று | 5 ஆண்டு* | குடியுரிமை இருந்தால் போதும் | 15 ஆண்டு | 20 ஆண்டு |
| கவர்னர்: மாநில வசிப்பு | 5 ஆண்டு* | 5 ஆண்டு | 6 ஆண்டு | 7 ஆண்டு |
| மாநில செனட்: வயது | 18 | 26 | 25 | 30 |
| மாநில செனட்: மாநிலம் / தொகுதி வசிப்பு | 3 / 1 ஆண்டு* | 5 / 1 ஆண்டு | 2 / 1 ஆண்டு | 4 / 1 ஆண்டு |
| கீழவை: வயது | 18 | 21 | 21 | 21 |
| கீழவை: மாநிலம் / தொகுதி வசிப்பு | 3 / 1 ஆண்டு* | 2 / 1 ஆண்டு | 2 / 1 ஆண்டு | 2 / 1 ஆண்டு |

இந்தியாவில் பிறந்து பின்னால் குடியுரிமை பெற்றவர்கள் இரண்டாவது வரியை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். 'பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை அதிபர், துணை அதிபர் பதவிகளோடு முடிந்துவிடுகிறது. கவர்னருக்கு அது கிடையாது. ஆனால் கடிகாரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. 2016இல் குடியுரிமை உறுதிமொழி எடுத்த ஒருவர், வசிப்புக் கணக்கும் சரியாக இருந்தால், டெக்சஸில் இப்போதே கவர்னர் பதவிக்கு நிற்கலாம். ஜார்ஜியாவில் 2031 வரை காத்திருக்க வேண்டும், நியூ ஜெர்சியில் 2036 வரை. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்த மாநிலப் பதவிகள் எதுவும் இல்லை. அவர் அவசரப்பட்டு வாக்காளராகப் பதிந்துகொண்டால் தேர்தல் கனவோடு குடியுரிமை விண்ணப்பமும் சேர்ந்து சிக்கலாகும்.

வயது வரம்பு எவ்வளவு வித்தியாசப்படுத்தும் என்பதற்கு ஜார்ஜியாவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் அஸ்வின் ராமசாமி, 2024இல் மாநில செனட்டின் 48ஆம் தொகுதியில் போட்டியிட்டார். களத்தில் இறங்கியபோது வயது 24. ஜார்ஜியா கேட்பது தேர்தல் நேரத்தில் 25 என்பதால் தப்பித்தார். தோற்றது வாக்கில்தான், வயதில் இல்லை. அதே இளைஞர் டெக்சஸில் இருந்திருந்தால் வயதில் ஓராண்டு குறைந்திருக்கும், நியூ ஜெர்சியில் ஐந்தாண்டு குறைந்திருக்கும்.

இனி அந்த நட்சத்திரக் குறி. கலிஃபோர்னியா அரசியல் சாசனத்தில் வசிப்பு விதிகள் அப்படியே அச்சில் இருக்கின்றன. ஆனால் தேர்தல்களை நடத்தும் மாநிலச் செயலாளர் அலுவலகம், அவை அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு முரணானவை, அமல்படுத்த முடியாதவை என்ற நிலைப்பாட்டில் இருக்கிறது. டெக்சஸ் சாசனத்திலும் இப்படி ஒரு செத்த வரி உண்டு: பதவிக்கு வருபவர் ஒரு பரம்பொருள் இருப்பதை ஏற்க வேண்டும் என்கிறது. மேரிலாந்து வழக்கு ஒன்றில் 1961இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு அதற்கு உயிரில்லை. சாசனத்தை மட்டும் படித்துவிட்டு முடிவெடுப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

ஆண்டுக்கணக்கு தளர்ந்துவிட்டது என்பதற்காக, கலிஃபோர்னியாவில் எங்கே குடியிருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மனு கொடுக்கும் தொகுதியில் உண்மையாகவே குடியிருக்க வேண்டும். மாநில செனட்டர் ராட்ரிக் ரைட், தொகுதிக்குள் இருந்த தன் வாடகைச் சொத்தை வீடு என்று காட்டிவிட்டு வெளியே வசித்ததாக 2014இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பொய்ச் சத்தியம், முறைகேடான வாக்குப்பதிவு உட்பட 8 குற்றச்சாட்டுகள். பதவி போனது. 2018இல் கவர்னர் மன்னிப்பு கிடைத்தது, செனட் நாற்காலி கிடைக்கவில்லை.

எதிராளியின் வழக்கறிஞர் முதலில் தேடுவது எதை? வாக்காளர் பதிவைத்தான். பிறகு ஓட்டுநர் உரிமம், வருமான வரிப் படிவத்தின் முகவரி, அதன்பின் குடியிருக்கும் வீட்டுக்கான சொத்துவரிச் சலுகை. பழைய ஊரில் இருக்கும் வீட்டுக்கு அந்தச் சலுகையை இன்னும் வாங்கிக்கொண்டிருந்தால், 'இதுதான் என் வீடு' என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த நான்கு மாநிலங்களுக்கு வெளியே இரண்டு வழக்குகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. நியூயார்க் மாநில செனட்டுக்கு 5 ஆண்டு வசிப்பு வேண்டும். அங்கே ஸ்டீவன் கிளிக்மன் என்பவர் 2014இல் வாஷிங்டன் டிசியில் வாக்காளராகப் பதிந்தவர். அந்த ஒரு பதிவே வசிப்புச் சங்கிலியை அறுத்துவிட்டது என்று 2016இல் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரிகையாளர் நிக்கலஸ் கிறிஸ்டாஃப், ஆரிகனில் பண்ணையில் வளர்ந்தவர், அங்கே நிலமும் வைத்திருப்பவர். 2020 நவம்பரில் நியூயார்க்கில் ஓட்டுப் போட்டிருந்தார். ஆரிகன் கவர்னருக்கு 3 ஆண்டு வசிப்பு தேவை. 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அவர் மனு நிராகரிக்கப்பட்டது சரியே என்றது. வேலைக்காக வேறு மாநிலம் போய்வருபவர்கள் ஓட்டை எங்கே போடுகிறோம் என்பதில் கவனமாக இருப்பது நல்லது. வீட்டுப் பத்திரத்தைவிட அதற்கு எடை அதிகம்.

தொழில் தகுதி கேட்கும் பதவிகளுக்கு வந்தால், மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் பதவியில்தான் ஒப்பீடு சுவாரசியமாகிறது. கலிஃபோர்னியாவில் தேர்தலுக்கு முன் 5 ஆண்டு வழக்கறிஞர் மன்ற உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். ஜார்ஜியாவில் 7 ஆண்டு, அதுவும் 'செயலில் உள்ள' உறுப்பினராக. டெக்சஸ் சாசனம் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்றே சொல்லவில்லை. நியூ ஜெர்சியில் இது தேர்தல் பதவியே இல்லை, கவர்னர் நியமிப்பார். 'செயலில் உள்ள' என்ற சொற்களை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2006இல் கலிஃபோர்னியாவில் ஜெர்ரி பிரவுன் நின்றபோது, அவருடைய உரிமம் சில ஆண்டுகள் செயலற்ற நிலையில் இருந்தது என்று வழக்குப் போட்டார்கள். உறுப்பினராக இருந்தாலே போதும் என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதே ஆவணத்தோடு ஜார்ஜியாவில் தப்புவது கடினம்.

கவுன்ட்டிக்கு இறங்கினால் கலிஃபோர்னியா திடீரென்று கண்டிப்பான மாநிலமாகிவிடுகிறது. மாவட்ட அரசு வழக்கறிஞருக்கு அந்த மாநில வழக்கறிஞர் உரிமம் வேண்டும். அசெஸர் பதவியேற்ற 30 நாளுக்குள் தற்காலிக மதிப்பீட்டாளர் சான்றிதழ் வாங்க வேண்டும், அதை வைத்து ஓராண்டுக்கு மேல் ஓட்ட முடியாது. கவுன்ட்டி காவல்துறையின் தலைவரான ஷெரீஃப்புக்குப் படிப்பும் அனுபவமும் தராசுத் தட்டுகள் மாதிரி: முதுகலைப் பட்டம் இருந்தால் முழுநேரக் காவல்பணியில் 1 ஆண்டு போதும், இளங்கலைக்கு 2, இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்புக்கு 3, வெறும் உயர்நிலைப் பள்ளி என்றால் 4. அந்த அனுபவத்தில் ஒரு பகுதியாவது மனுவுக்கு முந்தைய 5 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஓய்வுபெற்று நாளானவர்கள் இந்தக் கடைசி வரியில்தான் விழுகிறார்கள். உயர்நிலைக் காவலர் சான்றிதழ் கையில் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். இந்த விதி வருமுன் சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹென்னசி என்ற வழக்கறிஞர் ஷெரீஃப்பாக வந்து 2012 வரை இருந்தார். இன்று அப்படி ஒருவர் புதிதாக நிற்க முடியாது. ஜார்ஜியா இதில் தளர்வு: ஷெரீஃப்புக்கு 25 வயது, பள்ளிச் சான்று, கைரேகைச் சோதனை, பதவியேற்று 6 மாதத்துக்குள் காவலர் சான்றிதழ்.

டெக்சஸின் கவுன்ட்டி நீதிபதி பதவி பெயரால் குழப்பும். பெரிய கவுன்ட்டிகளில் அவர் செய்வது நிர்வாகம், பட்ஜெட், பேரிடர் மேலாண்மை. சாசனம் கேட்பது 'மாநிலச் சட்டத்தை நன்கு அறிந்தவர்' என்று மட்டுமே. சட்டப் பட்டம் தேவையில்லை. ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுன்ட்டியில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அங்கே 2018இல் ஜெயித்த லீனா இடால்கோவுக்கு அப்போது 27 வயது, வழக்கறிஞர் அல்ல, 2013இல்தான் குடியுரிமை பெற்றவர். கவுன்ட்டி பதவிகளுக்கு டெக்சஸ் பொதுவாகக் கேட்பது 18 வயது, மாநிலத்தில் 12 மாதம், அந்த எல்லைக்குள் 6 மாதம், வாக்காளர் பதிவு. கலிஃபோர்னியாவில் கவுன்ட்டியை நிர்வகிக்கும் குழுவின் உறுப்பினரான சூப்பர்வைசர் பதவிக்கு மனுக் கெடுவுக்கு 30 நாள் முன் அந்த வட்டத்தில் வாக்காளராக இருந்தால் போதும். காகிதத்தில் இதுவே சுலபம். ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் இப்போதைக்கு 5 சூப்பர்வைசர்கள்தான். ஒருவருக்கு ஏறத்தாழ 20 லட்சம் மக்கள். மாநில செனட் தொகுதியைப் போல இரு மடங்கு. முதல்முறை நிற்பவருக்குத் தகுதி விதி மட்டுமல்ல, தொகுதியின் அளவும் சேர்த்துப் பார்த்தால் டெக்சஸ், ஜார்ஜியா கீழவைத் தொகுதிகளே கைக்கு எட்டும் தூரம்.

கட்டணமும் அப்படியே. ஜார்ஜியா சட்டமன்றத்துக்கு 400 டாலர். டெக்சஸ் கீழவைக்கு 750, செனட்டுக்கு 1,250, கவர்னருக்கு 3,750. டெக்சஸ் உறுப்பினரின் மாதச் சம்பளம் 600 டாலர் என்பதால், மனுக் கட்டணமே ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. கலிஃபோர்னியாவில் சட்டமன்றத்துக்கு ஆண்டுச் சம்பளத்தில் 1%, அதாவது ஆயிரத்துச் சொச்சம் டாலர். 40 முதல் 60 பேர் முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும். கவர்னர் என்றால் 2%, கூடவே 5 ஆண்டு வருமான வரிப் படிவங்கள்.

மனுவை எங்கே கொடுப்பது என்பதில் டெக்சஸ் புதியவர்களைச் சுற்றவிடும். கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் கவுன்ட்டி பதவிக்கு நிற்பவர் தேர்தல் அலுவலகத்தில் கொடுப்பதில்லை, கட்சியின் கவுன்ட்டி தலைவரிடம் கொடுக்கிறார். கெடு டிசம்பர் இரண்டாம் திங்கள் மாலை 6 மணி. கட்சித் தலைவரிடம் போவதற்கு முன்பே, பிரச்சாரப் பொருளாளரை நியமிக்கும் படிவம் போயிருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு டாலர்கூட நன்கொடை வாங்கக் கூடாது. நோட்டரி முன் சத்தியம் செய்யாத மனு, தப்பான பிரிசிங்க்ட் (கவுன்ட்டிக்குள் உள்ள உட்பிரிவு) எண், குறைந்த தொகைக் காசோலை, இந்த மூன்றில் எது இருந்தாலும் மனு திரும்பும். கடைசி மணிநேரத்தில் போனால் திருத்த நேரமிருக்காது. ஜார்ஜியாவில் ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், வெள்ளி நண்பகலோடு கதவு மூடும்.

ஏற்கெனவே ஒரு பதவியில் இருப்பவர் அடுத்ததற்குத் தாவுவதாக இருந்தால், இந்த மாநிலங்கள் மறுபடி பிரிகின்றன. கலிஃபோர்னியாவில் இருக்கிற பதவியை வைத்துக்கொண்டே நிற்கலாம். ஜார்ஜியாவில் புதிய பதவிக்காலம் பழையது முடிய 30 நாளுக்கும் மேல் இருக்கையில் தொடங்குமென்றால், மனுத்தாக்கல் முடிந்ததும் பழைய நாற்காலி காலி. டெக்சஸ் கவுன்ட்டி அதிகாரிக்கு 1 ஆண்டு 30 நாளுக்கு மேல் காலம் மீதமிருந்தால், மேடையில் 'நான் நிற்கிறேன்' என்று அறிவித்தாலே ராஜினாமா செய்ததாகக் கணக்கு. மனுவே கொடுத்திருக்க வேண்டியதில்லை.