ஏற்றம் முதலில் வரட்டும்: பிள்ளைகளோடு நடக்க மூன்று மலைப் பாதைகள்

மலைக்குப் போகலாம் என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர்?" ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் கூட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிய பிறகு நாங்கள் கேட்பது வேறு. ஏற்றம் போகும்போதா, திரும்பும்போதா? பாதி வழியில் பிள்ளை "போதும்" என்றால் திரும்ப முடியுமா? இந்த இரண்டையும் வைத்து, நாங்கள் நடந்த மூன்று இடங்களை ஒப்பிடுகிறேன்.

முதலில் கொல்லிமலை ஆகாய கங்கை அருவி. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். நடையைத் தொடங்கும் முன்பே பிள்ளைகளுக்கு வயிற்றைப் பிரட்டிவிடும். காலையில் இட்லி ஒன்றோடு நிறுத்திவிடுங்கள், கையில் எலுமிச்சம்பழம் இருக்கட்டும். அறப்பளீசுவரர் கோயில் அருகிலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. இறங்கும்போது குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். கீழே ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டும். சாரல் முகத்தில் பட்டதும் மகன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். குளித்து முடித்த குழந்தைக்குப் பசிக்கும், குளிரும், தூக்கம் வரும். சரியாக அந்த நேரத்தில்தான் ஏற்றம் தொடங்குகிறது. படிகள் பெரியவர்கள் காலுக்குக் கட்டியவை. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு படியும் ஒரு சுவர். மகன் என் தோளில் தூங்கிவிட்டான். மகள் பாதியில் உட்கார்ந்து, "இன்னும் எத்தனை படி?" என்று அழுதாள். நான் எண்ணிச் சொல்ல முயன்றேன். பக்கத்தில் விறகுக் கட்டோடு ஏறிக்கொண்டிருந்த பாட்டி நின்று, "எண்ணாத கண்ணு. பத்து ஏறு, உக்காரு. பத்து ஏறு, உக்காரு" என்றார். அப்படியே ஏறினோம். மேலே வந்து அன்னாசிப்பழத் துண்டுகளில் மிளகாய்த்தூள் தடவித் தின்ற பிறகுதான் அவள் சிரித்தாள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் கட்டாயம் போங்கள். அதற்குக் குறைந்தால், ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் ஆள் வேண்டும். உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஆயிரம் படி ஏறும் தெம்பு இருக்கிறதா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

திருவண்ணாமலை கந்தாசிரமப் பாதை இதற்கு நேரெதிர். ரமணாசிரமத்தின் பின்வாசலிலிருந்து கல் பாவிய பாதை மலைமேல் போகிறது. ஏற்றம் முழுவதும் முதலிலேயே வந்துவிடும், பிள்ளைகள் புதுத் தெம்போடு இருக்கும்போது. பெரியவர்களுக்கு முக்கால் மணி நேரம் போதும். நாங்கள் ஒன்றரை மணி எடுத்துக்கொண்டோம். மரவட்டையைப் பார்த்தே கால் மணி போனது. அலுத்துப்போனால் எந்த இடத்திலும் திரும்பி இறங்கலாம், கீழே ஆசிரமம் இருக்கிறது என்ற தைரியம் பெற்றோருக்குப் பெரிய பலம்.

கந்தாசிரமத்தை ஒட்டி ஒரு பாறை இருக்கிறது. அங்கே நின்றால் அண்ணாமலையார் கோயிலின் ஒன்பது கோபுரங்களும் பொம்மைக் கடையில் அடுக்கியதுபோலத் தெரியும். 217 அடி ராஜகோபுரத்தை மகள் விரலுக்கும் விரலுக்கும் நடுவே வைத்து அளந்தாள். ரமணர் 1916 முதல் 1922 வரை இங்கே இருந்தார். அதற்கு முன் அவர் இருந்த விரூபாட்ச குகை சற்றுக் கீழே. கால் வலிக்காதவர்கள் அந்த வழியாகவே ஊருக்குள் இறங்கிவிடலாம். கந்தாசிரமத்துக்குள் அமைதி காக்க வேண்டும் என்பதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். எங்கள் இருவரும் ஐந்து நிமிடம் தாங்கினார்கள், அதுவே போதும்.

இங்கே கவனிக்க வேண்டியவை குரங்கும் வெயிலும். பிஸ்கட் பொட்டலத்தைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். தீனி பைக்குள்ளேயே இருக்கட்டும். காலை எட்டரை மணி வாக்கில் ஏறத் தொடங்கினால் உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். பெருமழை நாட்களில் வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள்.

மூன்றாவது, கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ். அழகில் குறையே இல்லை. ஆனால் இதுவும் இறங்கிப் போய் ஏறி வரும் பாதை, வழியெல்லாம் மர வேர்கள், ஈரமானால் வழுக்கும். முடிவில் பாறை நுனி பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஓடித் திரியும் வயதுப் பிள்ளையோடு அங்கே ஒரு நொடிகூட நிம்மதியாக நிற்க முடியாது. என் மனைவி மகனின் சட்டையைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. பள்ளத்தாக்கை அவள் பார்த்தாளா என்பதே சந்தேகம். கொடைக்கானலில் கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்குக் கோக்கர்ஸ் வாக் போதும்: ஒரு கிலோமீட்டர் தளம் போட்ட நடைபாதை, ஓரத்தில் கம்பித் தடுப்பு.

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு முதன்முதலாகக் கிளம்புகிறீர்கள் என்றால் என் ஓட்டு கந்தாசிரமத்துக்குத்தான். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், கடலை மிட்டாய், ஒரு மாற்றுச் சட்டை, மாற்றி மாற்றித் தூக்க இரண்டு பெரியவர்கள், இவ்வளவு போதும். கொல்லிமலைக்கு மகள் இப்போதே மறுபடி கேட்கிறாள். இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.